அமரர் கருத்துக் கேட்புக் கூட்டம்

2020 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல். காவிரிப் படுகையில் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த நாளில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தில்லியில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2006-ம் வருடத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சின்னதாக ஒரு திருத்தம். நிலத்திலோ கடலிலோ எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடித் துளையிடும் திட்டங்களை 'ஏ' பிரிவிலிருந்து எடுத்து 'பி2' பிரிவில் போட்டார்கள். பி2 என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லை, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் தேவையில்லை. ஆய்வுக் கிணறுகளுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அன்றைக்குத்தான் காலமானது. வயது இருபத்திரண்டே முக்கால்.

இருந்தவரைக்கும் அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. நிறுவனங்களுக்கு அது தொல்லை, அதிகாரிகளுக்குத் தலைவலி. போராடுகிறவர்களோ 'கண்துடைப்பு' என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடுவார்கள். நானும் அந்தச் சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. ஆனால் கண்துடைப்பாவது நடந்த காலத்துக்கும் அதுவும் இல்லாத காலத்துக்கும் உள்ள தூரத்தை இந்தச் சில வருடங்களில் பார்த்துவிட்டோம். அதனால்தான் இந்த அஞ்சலி.

பிறப்பைச் சொல்ல வேண்டும் என்றால் போபாலிலிருந்து தொடங்க வேண்டும். 1984 டிசம்பரில் அங்கே விஷவாயு கசிந்தபோது, பக்கத்துத் தொழிற்சாலையில் என்ன இருக்கிறது என்பதே சுற்றியிருந்த குடிசைக்காரர்களுக்குத் தெரியாது. அதன் பின்னால் வந்தது 1986-ம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1994-ல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. அதில் மக்களைக் கேட்பது கட்டாயம் என்று ஆனது 1997 ஏப்ரல் 10-ம் தேதித் திருத்தத்தால். எண்ணெய், எரிவாயு தேடுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அதற்கு முந்தைய நிலைமை நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-ல் பக்கத்திலேயே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. கூட்டம் போட்டு யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. நாட்டுக்கு எண்ணெய் கிடைத்துவிட்டது என்று ஊர்க்காரர்களும் சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு 1989-லேயே அனுமதி கிடைத்துவிட்டதால் அவற்றுக்குக் கடைசிவரை கூட்டமே நடக்கவில்லை. அடுத்த நான்கு உலைகளுக்கு 2007 ஜூனில் திருநெல்வேலியில் நடந்தது. 2011-ல் அந்த முதல் இரண்டு உலைகளை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் 'எங்களை எப்போது கேட்டீர்கள்' என்றபோது, அரசுத் தரப்பில் எடுத்துக் காட்ட ஒரு தாளும் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

1997-ல் பிறந்த குழந்தை கொஞ்சம் ஆரோக்கியமாகவே பிறந்தது. கூட்டத்தை நடத்த ஒரு குழு உண்டு. ஆட்சியரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அரசுத் துறைக்காரர்களும் இருப்பார்கள். அவர்களோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர் வரைக்கும், அந்தப் பகுதியின் மூத்த குடிமக்கள் மூன்று பேர் வரைக்கும் மேடையில் உட்காரலாம். ஊராட்சித் தலைவரும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் ஆட்சியருக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்காரும் சாத்தியம் சட்டத்தில் இருந்தது. 2006-ல் புது அறிவிக்கை வந்தபோது அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஆட்சியர் அல்லது அவருக்கு அடுத்த நிலை அதிகாரி தலைமை, வாரியத்தின் பிரதிநிதி உதவி. மூத்த குடிமக்கள் மேடையை விட்டு இறங்கி மைக்குக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. முதல் நோய் அதுதான் என்பது என் கணிப்பு.

கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

முப்பது நாள் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகையிலும் தமிழில் ஒரு பத்திரிகையிலும் விளம்பரம் வரும். ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் வரைவு அறிக்கை வைக்கப்படும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் நானூறு ஐந்நூறு பக்கம். தமிழில் ஒரு சுருக்கம், அதைப் படிப்பதற்கு ஆங்கிலமே தேவலை. அறிக்கை எழுதுகிற ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது திட்டக்காரரே என்பதால் அதில் என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கை, ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாகச் சுட்டது என்று அம்பலமான கதையும் உண்டு. அந்த அறிக்கைகளைப் பிரித்துப் படிக்க ஓர் ஆள் வேண்டும். கூட்டம் இருந்ததால்தான் அதற்கு ஆள் கிடைத்தார்கள். வழக்கறிஞர், கல்லூரி ஆசிரியர், விவசாய சங்கத்துக்காரர் என்று நாலு பேர் ராத்திரி உட்கார்ந்து பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டு வருவார்கள்.

இடம் பெரும்பாலும் கல்யாண மண்டபம். முந்தின முகூர்த்தத்தின் ஜிகினாத் தோரணம் மேடையில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில் ஆட்சியரின் மேசை, பச்சைத் துணி, தண்ணீர் பாட்டில்கள். வாசலில் இரண்டு வேன் போலீஸ். முதல் நான்கு வரிசையில் காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்ட ஆட்கள். அவர்கள் யார், எந்த ஊர், மத்தியானச் சாப்பாடு யார் செலவு என்பது எல்லோருக்கும் தெரியும். பேச டோக்கன் வாங்க வேண்டும். நிறுவனத்தின் பொறியாளர் திரையில் படம் காட்டி விளக்குவார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போகும். மின்சாரத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போனதும் உண்டு.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கூட்டம். வயல்வேலை செய்கிற அம்மா ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். துளை போடும்போது வெளியே வருகிற சேற்றை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டார். பொறியாளர் சின்னப் பையன், மரியாதையாகவே பதில் சொன்னார்.

"பக்கத்துலயே பள்ளம் எடுத்து, கனமான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, அதுல விடுவோம்மா. காஞ்சதும் மூடிடுவோம்."

"ஐப்பசி கார்த்திகையில காயுமா தம்பி?"

மண்டபம் ஒரு நிமிஷம் சிரித்தது, கைதட்டியது. பொறியாளர் ஆட்சியரைப் பார்த்தார். ஆட்சியர் பக்கத்தில் இருந்தவரிடம் "பதிவு பண்ணிக்குங்க" என்றார்.

அறிக்கை எழுதியவர்களின் கணக்கில் மழை என்பது வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற ஒரு கட்டம். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் வயலும் வாய்க்காலும் ரோடும் ஒரே தண்ணீராக நிற்பது அந்தக் கட்டத்தில் தெரியாது. சேற்றில் பாரைட், பென்டோனைட் மட்டுமில்லாமல் ரசாயனங்களும் உண்டு, அடியிலிருந்து வருகிற எண்ணெய்ப் பசையும் உண்டு. பள்ளம் நிரம்பி வழிந்தால் அது போய்ச் சேருமிடம் சம்பா நாற்று. இத்தனையையும் நாலு சொல்லில் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார் அந்த அம்மா.

கூட்டக் குறிப்பில் அது 'மழைக்காலக் கழிவு மேலாண்மை குறித்து ஒருவர் வினவினார்' என்கிற மாதிரி ஒற்றை வரியாகத்தான் போகும். ஆனாலும் போகும். அமரருக்குச் சட்டம் கொடுத்திருந்த சொத்து அந்த ஒரு வரிதான். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். பேசியதன் சுருக்கத்தைக் கூட்டம் முடிவதற்குள் அங்கேயே, அந்த மக்களின் மொழியில், வாசித்துக் காட்ட வேண்டும். எழுப்பிய ஆட்சேபனைகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் எழுத வேண்டும். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள அந்தத் தாள் இருக்கும். வேண்டாம் என்று மண்டபமே சொன்னாலும் அனுமதியைத் தடுக்கும் அதிகாரம் அமரருக்கு ஒருநாளும் கிடையாது. எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்றுகூட விதி வைக்கவில்லை. பத்துப் பேர் வந்தாலும் நடத்தி முடித்துவிடலாம்.

குறைகளை மறைத்து அஞ்சலி எழுதுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஒரு குறை நம் தரப்பிலும் இருந்தது. கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கி வீசி, மைக்கைப் பிடுங்கி, வெளிநடப்புச் செய்துவிட்டு, அதை வெற்றி என்று மறுநாள் சுவரொட்டி அடித்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. 2006 அறிவிக்கையிலேயே ஒரு விதி இருந்தது: உள்ளூர் நிலைமை காரணமாக மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல வழியில்லை என்று நடத்துகிறவர்கள் அறிக்கை கொடுத்தால், கூட்டத்தையே தவிர்க்கலாம். கலைந்த ஒவ்வொரு கூட்டமும் அந்த விதிக்குத் தீனி போட்டது. 'இந்த நாடகத்தில் நாங்கள் பங்கெடுக்க மாட்டோம்' என்று ஒதுங்கியவர்களின் கோபம் நியாயம்தான். ஆனால் நாடகம் நின்றபின் அவர்கள் பேச வேறு மேடை யார் போட்டுத் தந்தார்கள்?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 'வீட்டில் கேஸ் அடுப்பு, வயலில் டீசல் இன்ஜின், வாசலில் பைக். கிணறு மட்டும் வேறு ஊரில் தோண்ட வேண்டுமா?' என்று நிறுவனத்துக்காரர்கள் கேட்பார்கள். அது விதண்டாவாதம் இல்லை, பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். பல கூட்டங்களில் அதற்குப் பதிலும் வந்தது. அரிசி எந்த ஊரில் விளையணும் என்று ஒருவர் திருப்பிக் கேட்பார். இத்தனை வருஷம் எடுத்த எண்ணெய்க்கு எங்கள் ஊருக்கு ஒரு தார் ரோடு வந்ததா என்று இன்னொருவர் கேட்பார். பையனுக்கு நிரந்தர வேலை தருவதாக எழுதிக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறவரும் இருப்பார். ஊர் ஒரே குரலில் பேசும் என்பது நகரத்தில் இருக்கிற நம் ஆசை. நிலம் வைத்திருப்பவர், குத்தகைக்காரர், கூலிக்குப் போகிறவர், ஒப்பந்த வேலைக்கு லாரி விட்டிருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு. எல்லாக் கணக்கும் ஒரே கூரையின் கீழ், நிறுவனத்தின் முகத்துக்கு நேராக, அதிகாரியின் காதுபட வெளியே வந்தது அங்கே மட்டும்தான். தொலைக்காட்சி விவாதத்தில் கத்துகிறவர்கள் யாருக்கும் அந்த ஊரில் ஒரு குழி நிலம் கிடையாது.

கேட்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2017-ஐப் பார்க்கலாம். அதற்கு முந்தின வருடம் மார்ச்சில் மத்திய அரசு புதிய உரிமக் கொள்கை கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு என்று தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30-ல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பட்டுக்கோட்டைப் பக்கம் இறந்துபோனதை டெல்டா மறக்கவில்லை. அந்தத் திட்டம் கைவிடப்பட்ட நிம்மதியில் இருந்தவர்களுக்கு, 2017 பிப்ரவரி 15-ல் மத்திய அமைச்சரவை நெடுவாசல், காரைக்கால் உட்பட நாடு முழுவதும் ஏலத்தில் போன சிறு வயல்களுக்கு ஒப்புதல் கொடுத்த செய்தி டிவியில்தான் வந்தது. மறுநாளே நெடுவாசலில் பந்தல் போட்டார்கள். நல்லாண்டார்கொல்லை, வடகாடு பக்கம் முன்பே துளைத்துவிட்டுப் போன கிணறுகள் அவர்கள் கண் முன்னால் இருந்தன. யாரிடம் எதற்காகக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதே பலருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் ஓடியது. ஊர் திரண்டது, தடியடி நடந்தது, மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டவர்களைக் கைது செய்தார்கள்.

இங்கே கொஞ்சம் விலகி ஒன்று. எரிபொருள் கதை இல்லை, தாமிரக் கதை, ஆனால் பொருத்தமானது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. மறுநாள், மே 23 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஸ்டெர்லைட் விரிவாக்கப் பணிகளை நிறுத்தச் சொல்லி, மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்றது. ஒரு நாள் பிந்தி.

இத்தனைக்கும் பிறகு, 2020-ல் செய்ய வேண்டியது கூட்டத்தைப் பலப்படுத்துவது என்றுதான் யாருக்கும் தோன்றும். செய்தது வேறு. சொன்ன காரணம் எளிமையானது: ஆய்வு என்பது வெறும் தேடல், எடுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம், உற்பத்திக் கட்டத்துக்குக் கூட்டம் இருக்கிறதே. காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுக் கிணறும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போகிற கிணறுதான். அதே ரிக், அதே சேறு, அதே பள்ளம், அதே ஐப்பசி. நிலத்தடி நீர் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டுதான் அதுவும் இறங்குகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து எரிவாயுவும் கிடைத்துவிட்டது என்றான பின்னால் மண்டபத்தைப் பிடித்து 'உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்டால், தாலி கட்டியபின் பெண் பார்க்க வந்த கதைதான்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 9-ல் தலைவாசலில், டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். பதினோரு நாளில், பிப்ரவரி 20-ல், சட்டமும் நிறைவேறியது. ஊர்களில் வெடி வெடித்தார்கள். நல்ல சட்டம்தான், குறை சொல்ல வரவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுவதும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் அதில் அடங்கும். புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவோ எடுக்கவோ கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவற்றை அது தொடாது. மேடையில் பெயர் சொன்ன திருச்சி, அரியலூர், கரூர்ப் பகுதிகள் சட்டத்துக்கு வரும்போது காணாமல் போயிருந்தன. ஏன் என்று கேட்க, மறுபடியும், ஒரு மண்டபமும் இல்லை. கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு வந்தது. கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, முன்பு இருந்த மைக்கும் போயிருந்தது.

வெளியே இருந்தது ராமநாதபுரம். 2025-ல் அந்த மாவட்டத்தில் இருபது ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. பி2 என்பதால் கூட்டம் கிடையாது. கொடுத்து மாதங்கள் கழித்துத்தான் விஷயம் பரவலாக வெளியே வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், தமிழகத்தில் எங்கேயும் இப்படிப்பட்ட திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று அமைச்சர் அறிக்கை விட்டார். அனுமதியைத் திரும்பப் பெறும்படி அரசு ஆணையத்துக்கு அறிவுறுத்தியது. எனக்கும் நிம்மதிதான். ஆனால் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கிற அந்த ஊர்க்காரர்கள், அனுமதி வந்தபோதும் பத்திரிகையில்தான் படித்தார்கள், அதைத் திரும்பப் பெறச் சொன்னபோதும் பத்திரிகையில்தான் படித்தார்கள். துளை எங்கே விழும், எத்தனை நாள் நடக்கும், எரிவாயுவைக் கொளுத்தும் புகைபோக்கி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வரும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. அந்த இடைவெளியை இப்போது வாட்ஸ்அப் நிரப்புகிறது. எந்த வயலில் யார் குழாய் இறக்கினாலும் மீத்தேன் என்று படம் சுற்றுகிறது. குடிநீர் வாரியத்துக்குத் துளைபோட வந்த வண்டியையும் சிறைபிடிக்கிறார்கள். அதைப் பார்த்து 'படிக்காத ஜனங்கள், வதந்தியை நம்புகிறார்கள்' என்று உச்சுக் கொட்டுகிற அதிகாரிகளுக்கு, கேள்விக்குப் பதில் கிடைத்துக்கொண்டிருந்த இடத்தை மூடியது யார் என்பது நினைவுக்கு வருவதில்லை.

அமரருக்கு உற்றார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எண்ணெய், எரிவாயு உற்பத்திக்கான கூட்டம் தில்லியின் தயவில் உயிரோடு இருக்கிறது. அனல்மின் நிலையங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இன்னும் மண்டபம் பிடிக்கிறார்கள். 2020-லேயே வந்த இன்னொரு வரைவு அறிவிக்கை விளம்பர அவகாசத்தை முப்பது நாளிலிருந்து இருபதாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவே இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்ததால், மற்ற மொழிகளிலும் வெளியிடச் சொல்லி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அடுத்த சாவு 2025 செப்டம்பரில். அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் சுரங்கங்களுக்கும் மக்களைக் கேட்க வேண்டியதில்லை என்று மத்திய அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டில் தோரியம் உண்டு. அதை எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ல் பத்மநாபபுரத்தில் கூட்டம் என்று அறிவித்து, மீனவ கிராமங்கள் கொதித்ததும் தள்ளிவைத்தார்கள். அந்தக் கூட்டத்தை இனி நடத்தியே ஆக வேண்டிய கட்டாயம் இந்தக் குறிப்பாணையோடு போய்விட்டது. அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.